சுத்தைக் கூட்டினா காந்தம் கூடுமா, குறையுமா?

பாலக்கோட்டுல இருந்து டிப்ளமோ ரெண்டாம் வருச மாணவர் ஒருத்தர் கேட்டது:

"கம்பிச்சுருள்ல சுற்று கூடினா காந்தம் கூடும்னுதான் படிச்சிருக்கேன். ஆணியில சுத்தி குண்டூசி தூக்கியும் பார்த்திருக்கேன். ஆனா எங்க ஊர்ல காயில் கட்டுற அண்ணன், சுத்தைக் குறைச்சாத்தான் மோட்டார் இழுக்கும், கூட்டினா சோர்ந்து ஓடும்னு அடிச்சுச் சொல்றார். புத்தகம் தப்பா, அண்ணன் தப்பா?"

2025 ஏப்ரல் 6, இரவு 10.15

ரெண்டுமே சரிதான் தம்பி. அந்தச் சுருளுக்கு யார் சோறு போடுறாங்கன்னு முதல்ல பார்க்கணும். பேட்டரியா, கரண்ட் லைனா, இல்ல பக்கத்துல சுத்துற காந்தமா? இதைக் கேட்காம சுத்தைப் பத்திப் பேசினா விடியற வரைக்கும் சண்டைதான் நடக்கும்.

நான் கிருஷ்ணகிரியில 23 வருசமா காயில் கட்டுறேன். அதுக்கு முன்னாடி தர்மபுரியில ஒரு மேஸ்திரிகிட்ட ஆறு வருசம் இருந்தேன். சேர்ந்த முதல் மாசமே அவர்கிட்ட இதே கேள்வியைக் கேட்டேன். அவர் வாயைத் திறக்கல. 230 வோல்ட் பிரைமரி (லைன்ல மாட்டற சுருள்) இருந்த ஒரு சின்ன டிரான்ஸ்பார்மரை எடுத்து, நூறு வாட் பல்பு சீரிஸ்ல போட்டு லைன்ல மாட்டினார். பல்பு எரியல. அடுத்து அதே பிரைமரியில பாதி சுத்துல எடுத்திருந்த டேப்பிங்ல மாட்டினார். பல்பு செவப்பா எரிஞ்சுது, சுருளுக்கு நடுவுல இருக்கற இரும்பு, அதாவது கோர், கொர்ருன்னு கத்துச்சு. "சுத்து பாதியாச்சு, சத்தம் ஏன்டா கூடுச்சு?"ன்னு கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டார். பதில் எனக்குப் பிடிபட ரெண்டு வருசம் ஆச்சு.

ஏசி லைன்ல மாட்டின சுருள், லைன் வோல்டேஜுக்குச் சமமா ஒரு எதிர்வோல்டேஜைத் தானே உண்டாக்கி நிக்கணும். கம்பியோட ரெசிஸ்டன்ஸ்ல போற சொச்சத்தை இப்போதைக்கு விடு. அந்த எதிர்வோல்டேஜ், கோர்ல ஏறி இறங்குற காந்தப்பாயத்துல (கோருக்குள்ள ஓடுற காந்தத்தோட மொத்த அளவுல) இருந்து வருது. ஒவ்வொரு சுத்துலயும் ஒரு துண்டு வோல்டேஜ் பிறக்கும். சுத்துங்க எல்லாம் வரிசையா இருக்கறதால துண்டுங்க கூடிக்கிட்டே போகும். 230 ரூபாயை ஆயிரம் பேர் சேர்ந்து கட்டணும்னா தலைக்கு 23 காசு. ஐநூறு பேர்தான் இருக்காங்கன்னா தலைக்கு 46 காசு. அதே மாதிரி சுத்தைப் பாதியாக்கினா ஒவ்வொரு சுத்துலயும் ரெட்டிப்பு வோல்டேஜ் பிறக்கணும். அதுக்குக் கோர்ல பாயம் ரெட்டிப்பாகணும். சுருள் லைன்ல இருந்து தேவையான கரண்டை இழுத்து அந்தப் பாயத்தை உண்டாக்கிக்கும்.

அதனால ஏசி லைன்ல சுத்து குறைஞ்சா பாயம் கூடும். உங்க ஊர் அண்ணன் சொன்னது இதுதான். ஆணி, பேட்டரி விசயத்துல புத்தகம் சொன்னதும் சரி. பேட்டரிக்கு எதிர்வோல்டேஜ் கணக்கு கிடையாது, கரண்ட் × சுத்துதான் காந்தம். சுத்து ரெட்டிச்சா காந்தம் ரெட்டிக்கும்.

ஏப்ரல் 7, காலை 6.40

ராத்திரி எழுதின கடைசி வரி தப்பு. படுத்தப்புறம்தான் உறைச்சுது.

சுத்து ரெட்டிச்சா கம்பி நீளமும் ரெட்டிக்கும், அப்ப ரெசிஸ்டன்ஸும் ரெட்டிக்கும். 12 வோல்ட் பேட்டரி அப்படியே இருக்க, கரண்ட் பாதியாயிடும். பாதி கரண்ட் × ரெட்டிப்பு சுத்து, காந்தம் முன்ன இருந்த அதே அளவு! அதே கம்பி, அதே பேட்டரி, ஒவ்வொரு சுத்தும் ஒரே நீளம்னா, எத்தனை சுத்து சுத்தினாலும் ஆம்பியர்-சுத்து மாறாது. கூடுதலா சுத்தினதுக்கு ஒரு லாபம் உண்டு, கரண்ட் குறைஞ்சு சூடு குறையும். காந்தம் கூடணும்னா கம்பி கேஜை மாத்தி தடிமனாப் போடணும்.

அப்ப பள்ளிக்கூடத்துல ஆணியில கூடுதலாச் சுத்தினப்ப ஏன் கூடுதல் குண்டூசி ஒட்டுச்சு? காலையில மகளோட உக்காந்து அதைப் பார்த்தேன். ஆறு மில்லிமீட்டர் போல்ட், 24 கேஜ் கம்பி. 50 சுத்துக்கு ஒரு மீட்டர்க்குக் கொஞ்சம் மேல பிடிச்சுது. அந்த நீளத்துக்கு ரெசிஸ்டன்ஸ் ஓமுல பத்துல ஒரு பங்குகூட வராது. சின்ன டார்ச் செல்லுக்குள்ள இருக்கற ரெசிஸ்டன்ஸ் அதை விட அதிகம். ஆக அங்க கரண்டை முடிவு பண்றது செல். கம்பியை ரெட்டிச்சாலும் கரண்ட் கொஞ்சம்தான் குறையுது, அதனால காந்தம் கூடுது. நம்ம புத்தகச் சோதனை நடக்கிறதுக்குச் செல்லோட பலவீனம்தான் காரணம். இத்தனை வருசம் இந்தத் தொழில்ல இருந்தும் இதை நான் யோசிச்சதே இல்லை.

ஏப்ரல் 7, இரவு 9.30

ஒரு இயற்பியல் ஆசிரியர் எழுதியிருக்கார்: "பாரடே விதியில தூண்டப்பட்ட மின்னியக்கு விசை சுற்று எண்ணிக்கைக்கு நேர் விகிதம். சுற்று கூடினால் வோல்டேஜ் கூடும் என்பதுதான் விதி. நீங்கள் பாயம் குறையும் என்கிறீர்கள். மாணவர்கள் குழம்புவார்கள்."

ஐயா, விதி ஒண்ணுதான். எது கையில இருக்கு, எது பின்னால வருதுங்கிறதுதான் மாறுது. சைக்கிள் டைனமோவுல காந்தம் உள்ளயே இருக்கு, அது தர்ற பாயத்தோட உச்ச அளவு மாறாது. அங்க சுத்தை ரெட்டிச்சா வோல்டேஜ் ரெட்டிக்கும், வேகமா மிதிச்சாலும் கூடும். உங்க புத்தகம் சொல்றது அந்தக் கதை. லைன்ல மாட்டின சுருள்ல வோல்டேஜ்தான் மாறாம வெளிய இருந்து வருது. சுத்து நாம போட்டது. மிச்சம் மாறக்கூடியது பாயம் ஒண்ணுதான், அது சுத்துக்குத் தலைகீழாத்தான் போகும். அஞ்சு மூணு பதினஞ்சுன்னு படிச்ச பையனுக்கு, பதினஞ்சை அஞ்சால வகுத்தா மூணுன்னு சொன்னாக் குழப்பம் வராதுங்க.

ஒரு வார்த்தையை மட்டும் வகுப்புல அழுத்திச் சொல்லுங்க ஐயா. பாயம் வேற, பாயத்தொடர்பு வேற. கோர்ல ஓடுற பாயம் ஒண்ணுதான். அதே பாயம் நூறு சுத்துக்குள்ளயும் புகுந்து போறதால தொடர்பு நூறு மடங்கு. "சுத்து கூடினா பாயம் கூடும்"னு பசங்க சொல்றப்ப பாதிப் பேர் மனசுல இருக்கறது இந்தத் தொடர்புதான்.

ஏப்ரல் 8

கணக்கு கேட்டவங்களுக்கு.

வோல்ட் = 4.44 × பிரீக்வென்சி × சுத்து × உச்ச பாயம். பாயத்தை வெபர்ல போடணும். ஒரு சுத்துக்குள்ள இருக்கற ஒரு வெபர் பாயம் ஒரே சீரா ஒரு செகண்டுல வடிஞ்சுதுன்னா, அந்த ஒரு செகண்டும் ஒரு வோல்ட் காட்டும். வெபர்னா இவ்வளவுதான். 4.44 எப்படி வந்ததுன்னா, 2 பையை ரெண்டின் வர்க்கமூலத்தால வகுத்தது. சைன் அலையோட சரிவுல இருந்து ஒண்ணு, உச்சத்தை மீட்டர் காட்டுற அளவாக்கறதுல இருந்து இன்னொண்ணு.

நம்ம கடைகள்ல சுவத்துல எழுதி வச்சிருப்பாங்களே, "45-ஐ கோர் ஏரியாவால வகு, வோல்ட்டுக்கு இத்தனை சுத்து"ன்னு, அது இதே வாய்ப்பாடுதான். 50 சைக்கிள் (லைன் செகண்டுக்கு 50 தடவை ஏறி இறங்கறது), ஒரு டெஸ்லா (சதுர மீட்டருக்கு ஒரு வெபர் பாயம்), ஏரியா சதுர சென்டிமீட்டர்ல வச்சுப் போட்டா 45 வரும். 10 சதுர சென்டிமீட்டர் கோர்னா வோல்ட்டுக்கு 4.5 சுத்து, 230-க்கு 1035. ஸ்டாம்பிங் (கோர்ல அடுக்கற இரும்புத் தகடு) நல்லதா இருந்தா 1.2 டெஸ்லாவுக்குப் போகலாம், அப்ப 45 இருந்த இடத்துல 37.5. பழைய ஸ்டெபிலைசர் பிரிச்ச துருப்பிடிச்ச ஸ்டாம்பிங்கா இருந்தா நான் 50 போடுவேன். கம்பி கூடச் செலவாகும், ஆனா ராத்திரி நிம்மதியாத் தூங்கலாம்.

ஏப்ரல் 13, இரவு 11

நாளைக்கு சித்திரை ஒண்ணு. மாமா வீட்டுக்குப் போகணும். அவர் வீட்டுக்குப் போறப்ப எல்லாம் இந்த விசயம் ஞாபகம் வரும், அதனால இன்னைக்கே எழுதிடறேன்.

மாமாவுக்கு போச்சம்பள்ளி பக்கம் மாந்தோப்பு, முக்காவாசி பெங்களூரா. கிணத்துல மோட்டாரும் பம்பும் ஒண்ணா இருக்கற 5 எச்பி மோனோபிளாக். பிஞ்சு பிடிக்கிற சமயம் ஊர்ல எல்லா மோட்டாரும் ஒரே நேரத்துல ஓடும், லைன்ல 340 வோல்ட்தான் இருக்கும். மோட்டார் தூக்காம உறுமி உறுமி ஒரு நாள் எரிஞ்சு போச்சு. கடைக்குக் கொண்டு வந்தார். "மாப்ள, லோ வோல்டேஜ்ல ஓடுற மாதிரி கட்டிக் குடு, தண்ணி இல்லாம பிஞ்சு கொட்டுது"ன்னார்.

கம்பெனி கட்டுனது காயிலுக்கு 44 சுத்து, 415 வோல்ட்டுக்கு. நான் போட்ட கணக்கு இது: 340-ஐ 415-ஆல வகுத்தா 0.82, 44 சுத்துல அந்தப் பங்கு 36. ஸ்லாட்ல, அதாவது காயில் உக்கார்ற பள்ளத்துல, இடம் மிச்சமாச்சு, ஒரு கேஜ் தடிமனா கம்பி போட்டேன். கணக்கு துல்லியமான கணக்கு. 340 வோல்ட்ல 36 சுத்துன்னா, 415-ல 44 சுத்துக்கு எவ்வளவு பாயமோ அதே பாயம். மாட்டின அன்னைக்கு மத்தியானம் தண்ணி குழாயை முறிச்சுக்கிட்டு வந்துச்சு. மாமா என் தோளைத் தட்டிக் குடுத்து, ஒரு மூட்டை தேங்காயை வண்டியில ஏத்தி விட்டார்.

ஒன்பதாம் நாள் எரிஞ்சுது. ராத்திரி ரெண்டு மணிக்கு.

கிணத்துல ஆட்டோ ஸ்டார்ட்டர், கரண்ட் வந்தா மோட்டார் தானா எடுத்துக்கும். ராத்திரி ஊரே தூங்குறப்ப லைன்ல 435 வோல்ட். 435-ஐ 340-ஆல வகுத்தா 1.28. நான் கணக்குப் போட்ட பாயத்தை விட 28 சதவீதம் அதிகமா அந்தக் கோர் சுமந்திருக்கு. பகல்ல பல்லுல, அதாவது ஸ்லாட்டுக்கு நடுவுல நிக்கிற இரும்புல, 1.45 டெஸ்லா இருந்ததுன்னு வை. ராத்திரி அது 1.86-ஐக் கேட்குது. அந்த அளவுல இரும்பு சும்மா தராது. கொஞ்சம் பாயம் கூட்ட கரண்டை அள்ளி அள்ளிக் கொட்டணும். காலையில ஸ்டேட்டரை (காயில் இருக்கற, சுத்தாத பாகத்தை) கழட்டினப்ப மூணு பேஸும் ஒரே மாதிரி கருத்திருந்துச்சு. ஒரு பேஸ் போய் எரிஞ்சிருந்தா அப்படி இருக்காது. வார்னிஷ் கருகின நாத்தம் பம்பு ரூம்ல ரெண்டு நாள் போகல. மாமா ஒரு வார்த்தை திட்டல. அந்த வருசம் மேல் தோப்புல காய் பாதிதான்.

நான் பார்த்தது பகல் வோல்டேஜை மட்டும். கோருக்குப் பகலும் ராத்திரியும் ஒண்ணுதான்.

ஏப்ரல் 15

அதே மாதிரி கட்டிக் குடுத்த மோட்டார் இன்னும் மூணு வெளிய இருந்துச்சு. மூணையும் திரும்பக் கொண்டு வரச் சொன்னேன். ஒண்ணைப் பிரிக்கறதுக்கு முன்னாடி வோல்டேஜை ஏத்தி இறக்கற டிம்மர்ஸ்டாட்ல வச்சு லோடு இல்லாம ஓட்டி, கரண்ட் அளக்கற டாங் டெஸ்டர் மாட்டிப் பார்த்தேன். நோட்டுல இன்னும் இருக்கு. 340 வோல்ட்ல 3.1 ஆம்பியர். 380-ல 4.2. 415-ல 6.4. 435-ல 8.5. வோல்டேஜ் 28 சதவீதம் ஏறினதுக்குக் கரண்ட் ரெண்டே முக்கால் மடங்கு ஏறியிருக்கு. 5 எச்பிக்கு முழு லோடு கரண்டே ஏழரை ஆம்பியர் சுமாருக்குத்தான். ஒரு சொட்டுத் தண்ணி ஏத்தாமலே அந்த மோட்டார் முழு லோடைத் தாண்டிக் குடிச்சுது.

இந்த நாலு எண்ணையும் ஒரு தாள்ல புள்ளி வச்சு சேர்த்துப் பாருங்க. கோடு முதல்ல சாஞ்சு போகும், அப்புறம் நிமிரும். நிமிர்ற இடம்தான் இரும்பு நிறைஞ்ச இடம்.

மூணையும் 40 சுத்துக்கு மாத்தினேன். 340-ல பாயம் கம்பெனி அளவுல 90 சதவீதம், 435-ல 115 சதவீதம். ரெண்டு பக்கமும் தாங்குது. கூடவே வோல்டேஜ் ஏறினா நிறுத்துற ரிலே ஒண்ணு போடச் சொல்லி, அதுக்குக் காசு வாங்கல.

ஏப்ரல் 15, இன்னொண்ணு

"வோல்டேஜ் குறைஞ்சா பாயம் குறையும், கரண்டும் குறையணுமே, அப்ப லோ வோல்டேஜ்ல ஏன் எரியுது?"ன்னு தம்பி கேட்டிருக்கார். நல்ல கேள்வி.

காந்தத்துக்கு இழுக்கிற கரண்ட் குறையும், அது உண்மை. ஆனா பம்பு கேட்குற வேலை குறையல. மோட்டாரோட இழுவை வோல்டேஜோட வர்க்கத்துக்குப் போகும். 0.82-ஐ 0.82-ஆல பெருக்கினா 0.67, அதாவது மூணுல ஒரு பங்கு இழுவை போச்சு. ரோட்டர் (மோட்டாருக்குள்ள சுத்துற பாகம்) பின்தங்கும், பின்தங்க பின்தங்க அதுல கரண்ட் ஏறும், அதை ஸ்டேட்டர் லைன்ல இருந்து வாங்கித் தரணும். லோ வோல்டேஜ்ல எரியறது லோடு கரண்ட்டால, ஹை வோல்டேஜ்ல எரியறது காந்தக் கரண்ட்டால. கருகின காயில் ரெண்டுலயும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால காரணத்தை லைன் வோல்டேஜ்லதான் தேடணும்.

ஏப்ரல் 17

"லோடு ஏத்த ஏத்த டிரான்ஸ்பார்மர் கோர் நிறைஞ்சு போகும்"னு ஒரு அன்பர் எழுதியிருக்கார். தொழில்ல இருக்கறவங்க நிறைய பேர் இப்படித்தான் நம்புறாங்க. இல்லைங்க. செகண்டரியில (லோடுக்குக் கரண்ட் தர்ற சுருள்ல) கரண்ட் ஓடினா அது கோர்ல இருக்கற பாயத்தைக் குறைக்கத்தான் பார்க்கும். 1834-ல லென்ஸ்ங்கிற இயற்பியல் அறிஞர் சொன்னது இதுதான்: தூண்டப்பட்ட கரண்ட், தன்னை உண்டாக்கின மாற்றத்தை எதிர்க்கும். பாயம் ஒரு துளி குறைஞ்சதும் பிரைமரியோட எதிர்வோல்டேஜ் ஒரு துளி குறையும், உடனே லைன்ல இருந்து கூடுதல் கரண்ட் உள்ள வந்து சமம் பண்ணிடும். வெறுமனே இருந்தாலும் முழு லோடுல இருந்தாலும் பாயம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். முழு லோடுல கம்பியிலயே கொஞ்சம் வோல்டேஜ் போயிடறதால பாயம் ஒரு பொட்டுக் குறைவாவே இருக்கும். லோடுல சூடாகறது கம்பி. வோல்டேஜ் ஏறினா கோர் சூடாகும்.

ரோட்டோர டிரான்ஸ்பார்மர் நடுராத்திரி லோடே இல்லாதப்பவும் உம்முன்னு பாடுதே, அதுக்கும் இதுதான் காரணம். பாயத்துக்கு ராத்திரி லீவு கிடையாது. 50 சைக்கிள்ல இரும்பு ஒவ்வொரு சைக்கிளுக்கும் ரெண்டு தடவை நீண்டு சுருங்கும், அதனால சத்தம் 100 சைக்கிள்.

ஏப்ரல் 20

ஸ்டார்ட்டர் பத்தி ஒண்ணு. போன வாரம் காரிமங்கலம் பக்கத்துல இருந்து ஒரு விவசாயி வந்தார். ஸ்டார்ட்டருக்குள்ள காந்தத்தால ஒட்டி மோட்டாருக்கு லைனைச் சேர்க்கறதுதான் கான்டாக்டர், ஒரே மாசத்துல மூணாவது தடவையா அதோட காயில் எரிஞ்சிருக்கு. காயில் மட்டமான சரக்குன்னு மாத்தி மாத்திப் போட்டிருக்கார்.

கான்டாக்டரைப் பிரிச்சேன். மேல் இரும்பும் கீழ் இரும்பும் ஒட்டற முகத்துல, ஒரு பல்லி நசுங்கிக் காஞ்சு, தாள் மாதிரி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. ஆனா இரும்போட பார்த்தா காத்துல பாயம் ஓட்டறது ஆயிரக்கணக்கான மடங்கு கஷ்டம். வோல்டேஜும் சுத்தும் மாறல, அதனால பாயம் அதே அளவு இருந்தே ஆகணும். அந்தச் சந்தைத் தாண்டி அதே பாயத்தை ஓட்ட காயில் கூடுதல் கரண்டை இழுத்துக்கிட்டே இருந்திருக்கு. நாள் பூரா. பழைய பனியன் துணியால முகத்தைத் துடைச்சுக் குடுத்தேன், இதுவரைக்கும் ஓடுது.

லோ வோல்டேஜ்ல கான்டாக்டர் நிக்கலைன்னு சிலர் குச்சி சொருகி வைக்கிறாங்க. தயவு செஞ்சு வேண்டாம். ஓவர்லோடு ரிலே தட்டினாலும் மோட்டார் நிக்காது, காயிலும் போகும் மோட்டாரும் போகும். தவறிக் கை வச்சா ஆளும் போகும்.

ஏப்ரல் 22

ஏப்ரல் 6-ல ஒவ்வொரு சுத்துல பிறக்கற வோல்டேஜ் "துண்டுங்க கூடிக்கிட்டே போகும்"னு எழுதினேன். டிரான்ஸ்பார்மருக்கு அது சரி. மோட்டாருக்குத் திருத்தம் வேணும்.

டிரான்ஸ்பார்மர்ல எல்லாச் சுத்துக்குள்ளயும் ஒரே பாயம் ஒரே நேரத்துல ஏறி இறங்கும். மோட்டார்ல காயில் பக்கத்து பக்கத்து ஸ்லாட்ல பரவி உக்காந்திருக்கு. சுழல்ற பாயம் முதல் காயிலுக்கு முதல்ல வரும், அடுத்ததுக்குக் கொஞ்சம் பின்னாடி. 36 ஸ்லாட், 4 போல் (காந்த முனை) எடுத்துக்கிட்டா ஒரு ஸ்லாட்டுக்கு மின்கணக்குல 20 டிகிரி. மூணு காயில் சேர்ந்தா மூணு பங்கு வராது, 2.88 பங்குதான் வரும். 0.96-ன்னு ஒரு காரணி போட்டுப் பெருக்கணும். பிட்சை, அதாவது காயிலோட ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல இருக்கற ஸ்லாட் தூரத்தை, குறைச்சுக் கட்டினா இன்னும் கொஞ்சம் போகும். பழைய காயிலை வெட்டறதுக்கு முன்னாடி சுத்தை மட்டும் எண்ணினாப் போதாது, எந்த ஸ்லாட்ல இருந்து எந்த ஸ்லாட்டுக்குன்னு குறிச்சுக்கணும்னு மேஸ்திரி தலையில கொட்டிச் சொன்னது இதுக்காகத்தான். பிட்சை மாத்திக் கட்டிட்டு அதே சுத்தைப் போட்டா பாயம் மாறிடும்.

ஏப்ரல் 26

இண்டக்‌ஷன் அடுப்பு பத்தி ஒரு அக்கா கேட்டிருக்காங்க. அடியில இருக்கற காயில் இருபது சொச்சம் சுத்துதான், லைன் 230, எப்படித் தாங்குதுன்னு. பிரீக்வென்சிதாங்க்கா. அதுக்குள்ள 50 சைக்கிள் இல்லை, இருபதாயிரத்துக்கு மேல. வாய்ப்பாட்டுல பிரீக்வென்சி நானூறு மடங்கு ஏறினா சுத்தையும் பாயத்தையும் அந்த அளவுக்கு இறக்கிக்கலாம். நீங்க வைக்கிற பாத்திரத்தோட அடிதான் செகண்டரி, ஒரே ஒரு சுத்து, அதுவும் ரெண்டு முனையும் முட்டிக்கிட்ட (ஷார்ட்டான) சுத்து. களிப் பானை மண்ணா இருந்தா அந்த ஒரு சுத்தும் இல்லை, அதனால சூடாகாது. செல்போன் சார்ஜர் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கினதும் இதே காரணத்தாலதான்.

ஓசூர்ல கம்பெனியில வேலை செய்யற தம்பிங்களுக்கும் இது பொருந்தும். பிரீக்வென்சியை மாத்திக் குடுக்கற டிரைவ்ல மோட்டாரோட வேகத்தைக் குறைக்கறப்ப வோல்டேஜும் சேர்ந்து குறையுதே, அது 415-க்கு 50-ங்கிற விகிதத்தைக் காப்பாத்தறதுக்காக. 25 சைக்கிள்ல 415-ஐக் குடுத்தா பாயம் ரெட்டிப்பு, மாமா மோட்டார் கதைதான்.

ஏப்ரல் 29

எங்கயோ ஆரம்பிச்சு எங்கயோ போறேன், பரவாயில்லை. இதை முதல்ல கண்டவரைப் பத்தி எழுதலைன்னா மனசு கேட்காது.

பாரடே ஒரு கொல்லர் மகன். புத்தகம் பைண்ட் பண்ற கடையில வேலை பழகினவர். 1831 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஒரு இரும்பு வளையத்துல ரெண்டு பக்கம் ரெண்டு சுருள் சுத்தினார். வளையம் ஆறு அங்குல விட்டம். இப்ப இருக்கற இனாமல் கம்பி அப்ப இல்லை. வெறும் தாமிரக் கம்பி, சுத்துக்கும் சுத்துக்கும் நடுவுல நூல், அடுக்குக்கும் அடுக்குக்கும் நடுவுல பருத்தித் துணி. நான் இன்னைக்கும் அடுக்குக்கு நடுவுல பேப்பர் வைக்கிறேன், 194 வருசம் முன்னாடி அவர் துணி வச்சார். கை ஒரே வேலையைத்தான் செய்யுது.

ஒரு சுருளைப் பேட்டரியில மாட்டினார். அடுத்த சுருள் பக்கம் இருந்த காந்த ஊசி துள்ளிட்டு நின்னுடுச்சு. பேட்டரி ஓடிக்கிட்டே இருக்கு, ஊசி அசையல. பேட்டரியைக் கழட்டினார், ஊசி எதிர்ப்பக்கம் துள்ளுச்சு. பாயம் இருக்கறதால வோல்டேஜ் வராது, மாறினாத்தான் வரும்னு அந்த ஊசி அன்னைக்கே சொல்லிடுச்சு. அக்டோபர் 17-ஆம் தேதி பேட்டரியே இல்லாம, ஒரு காந்தக் கம்பியைச் சுருளுக்குள்ள விட்டு எடுத்து மறுபடி கண்டார். அவருக்குக் கணக்கு அவ்வளவா வராது. இன்னைக்கு நாம போடுற வாய்ப்பாடெல்லாம் பின்னால வந்தவங்க எழுதினது.

மே 4

பாலக்கோட்டுத் தம்பி கேட்டது: "எரியாத, ஆனா விவரம் தெரியாத டிரான்ஸ்பார்மர் ஒண்ணு கிடைச்சிருக்கு. பிரிக்காமலே பிரைமரி எத்தனை சுத்துன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

முடியும். கோருக்கும் காயிலுக்கும் நடுவுல எங்கயாவது ஒரு கம்பி நுழையற சந்து இருக்கும். மெல்லிய கம்பியை ஊசியில கோக்கற மாதிரி விட்டு 20 சுத்து சுத்து. சுத்துன்னா ஜன்னல் ஓட்டைக்குள்ள எத்தனை தடவை கம்பி போச்சுங்கிறதுதான், அரைச் சுத்துன்னு ஒண்ணு கிடையாது. பிரைமரியை லைன்ல மாட்டு, முதல் தடவை சீரிஸ் பல்பு வழியா. பல்பு எரியலைன்னா நேரா மாட்டி, இந்த 20 சுத்துல எத்தனை வோல்ட்னு ஏசி ரேஞ்சுல பாரு. 20-ஆல வகுத்தா ஒரு சுத்துக்கான வோல்ட். லைன் வோல்டேஜை அதால வகு. மேஸ்திரி பத்துச் சுத்து போதும்பார், நான் 20 சொல்றேன், மீட்டர்ல கடைசி இலக்கம் ஆடினாலும் தப்பு பாதியாகும்.

பிரைமரி முனையைத் தொடாதே. பக்கத்துல யாராவது இருக்கறப்ப பண்ணு.

மே 9

தம்பி பண்ணிட்டார். 20 சுத்துல 3.80 வோல்ட். சுத்துக்கு 0.19. 230-ஐ 0.19-ஆல வகுத்து 1210 சுத்துன்னு எழுதியிருக்கார். வேற கேஜ்ல கட்டணும்னு அப்புறம் பிரிச்சு, எண்ணுற மிசின்ல வச்சு அவிழ்த்தா 1176. "34 சுத்து எங்க போச்சுங்கண்ணா?"

அந்த நேரத்துல லைன் எவ்வளவு இருந்ததுன்னு அளந்தியா தம்பி? 230-ன்னு பெட்டி மேல போட்டிருக்கும், லைன்ல இருக்காது.

மே 9, இரவு 8.50

அளந்து நோட்டுல குறிச்சு வச்சிருந்தாராம், கணக்குல போடத்தான் மறந்துட்டார். 224. அதை 0.19-ஆல வகுத்தா 1179. மிச்சம் மூணு சுத்து. 3.80-ங்கிறது 3.79-ஆ இருந்திருக்கலாம், 3.81-ஆ இருந்திருக்கலாம், அந்த ஆட்டத்துக்குள்ளயே மூணு சுத்து அடங்கிடும். பிரைமரி கம்பியில போன சொச்ச வோல்ட்டும் அதுல இருக்கும்.

திரும்பக் கட்டறப்ப 1176-ஐயே போடு. கோர் ஏரியா ஏழரை சதுர சென்டிமீட்டர்னு சொன்னே. 1.14 டெஸ்லா வருது, 230-க்கே ஏறினாலும் 1.17. நல்ல கை கட்டியிருக்கு. ஸ்டாம்பிங்கைச் செருகறப்ப ஒண்ணுவிட்டு ஒண்ணு எதிர்ப்பக்கமா மாத்தி மாத்திச் செருகு, கடைசி நாலஞ்சு உள்ள போக மறுக்கும், சுத்தியலால அடிக்காம மரத்துண்டு வச்சுத் தட்டு. அதை வெளிய விட்டுட்டா சந்து விழும், அப்புறம் அந்தப் பல்லி பண்ண வேலையை இது பண்ணும்.